தொண்டு என்னும் சல்லடை

சென்ற கோடை விடுமுறைக்குச் சில வாரங்களுக்கு முன்பு எங்கள் தமிழ்த் துறைக்கு ஓர் அழைப்புக் கடிதம் வந்தது. மரபுப் பாதுகாப்பில் ஆர்வமுள்ள மாணவர்கள் இரண்டு மாதம் ஒரு சேகரிப்பில் பணியாற்றலாம்; பழைய நூல்களையும் பொருள்களையும் பட்டியலிட வேண்டும்; வருவோருக்கு விளக்கம் சொல்ல வேண்டும். இறுதி வரி வழக்கம்போல: ஊதியம் கிடையாது, சான்றிதழ் வழங்கப்படும். அனுப்பிய அமைப்பின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். கையில் காசு இல்லாதவர்கள், அவ்வளவே.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் இரண்டாம் ஆண்டு மாணவர்களைச் செண்பகத்தோப்புக்கு அழைத்துப் போயிருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில், காட்டழகர் கோயிலுக்குப் போகும் வழியில், பளியர் குடியிருப்பில் ஒரு பெரியவர் எங்களுக்காக அரை நாள் ஒதுக்கினார். மரத்தின் பெயர், கொடியின் பெயர், தேன் எடுக்கும் பாறையின் பெயர் என்று அவர் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொண்டே வந்தார்கள். நாற்பது பேரில் ஒரு மாணவியின் குறிப்பேடு மட்டும் தனித்துத் தெரிந்தது. பெரியவர் ஒரே மரத்துக்கு இரண்டு பெயர் சொன்ன இடத்தில் அவள் நின்று, எந்தப் பருவத்தில் எந்தப் பெயர் என்று கேட்டு எழுதியிருந்தாள். நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது. முதுகலை முடித்து இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் எங்களுக்குச் சற்று வெட்கமாகவும், மிகுந்த பெருமையாகவும் இருந்தது.

கடிதம் வந்ததும் முதலில் அவளைத்தான் கூப்பிட்டோம். படித்துப் பார்த்துவிட்டு, "லீவுல தறிக்குப் போறேன் சார். அடுத்த வருஷ ஃபீஸ் அதுலதான்" என்றாள். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றில் நாள் கூலி. இறுதியில் அந்தச் சேகரிப்புக்கு எங்கள் வகுப்பிலிருந்து இருவர் போனார்கள். இருவருமே நல்ல பிள்ளைகள். இருவர் வீட்டிலும் மாதச் சம்பளம் வருகிறது.

இக்கட்டுரை அந்த இருவருக்கு எதிரானது அன்று. நாற்பதை இரண்டாக்கிய அந்தக் கடைசி வரிக்கு எதிரானது. 'ஊதியம் கிடையாது' என்பதை நாம் ஒரு நிதிநிலைக் குறிப்பாக மட்டுமே வாசித்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு தகுதி விதி. இரண்டு மாதம் சம்பாதிக்காமல் இருக்க இயன்றவர் மட்டும் உள்ளே வரலாம் என்பதே அதன் பொருள். தொண்டு என்கிற சல்லடை ஆர்வமுள்ளோரையும் ஆர்வமற்றோரையும் பிரிப்பதாக நாம் நம்புகிறோம். அது பிரிப்பதோ வசதியுள்ளோரையும் வசதியற்றோரையும்.

நம் வட்டாரத்தில் செய்ய வேண்டிய வேலைக்கு ஏதும் குறைவா? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலும் அதன் பதினோரு நிலைக் கோபுரமும் இருக்கின்றன. திருமலை நாயக்கர் பெயரால் வழங்கும் அரண்மனை இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 முதல் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் பொருள்களும் கிடைத்தன. செண்பகத்தோப்பைச் சுற்றிய காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் ஆயிற்று. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அணிலுக்கும் புலிக்கும் கணக்கெடுப்பு உண்டு. அந்தக் காட்டின் ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் தெரிந்த பளியர் முதியவர்களின் சொற்களுக்கு யார் கணக்கெடுப்பது? இவை தவிர ஊருக்கு ஊர் கிடக்கும் வாசகசாலைகள், குடும்பச் சேகரிப்புகள், பழைய பள்ளிகளின் பதிவேடுகள். ராஜபாளையத்தில் சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே கொடுத்து காந்தி கலை மன்றம் உருவானது போன்ற கொடைகள் தமிழகத்தில் அரிதல்ல. ஆனால் கொடை என்பது கட்டடத்தைத் தரும், அலமாரியைத் தரும், கல்வெட்டில் பெயரைத் தரும். அலமாரியில் உள்ளதை எடுத்துத் தூசு தட்டி, பெயர் எழுதி, எண் இட்டு வைக்கும் கைக்கு ஆண்டுதோறும் கூலி தர யாரும் கொடை எழுதுவதில்லை.

ஒரு சேகரிப்பைக் காப்பாற்றுவது அந்தக் கைதான் என்பதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அவர் மறைவுக்குப் பின் சிதறிப்போயிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. மொழி அறக்கட்டளை பொறுப்பேற்றது. 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாக அது நிலைபெற்றது. இன்று தமிழ் ஆய்வாளர் எவரும் அதைத் தொடாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றி எழுத முடியாது. அங்கே நிகழ்ந்தது அற்புதம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்து பட்டியலிடவும் நுண்படம் எடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மாதந்தோறும் சம்பளம் இருந்தது.

இந்த இடத்தில், இலக்கியக் கூட்டங்களில் நாம் பலமுறை கேட்ட குரல் ஒன்று எழும்: "பண்பாட்டுப் பணிக்குக் கூலி கேட்கலாமா? உ. வே. சா. கூலி கேட்டா ஊர் ஊராக அலைந்தார்?" இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் 'என் சரித்திர'த்தைக் கண்ணீர் மல்கப் படித்தவர்கள்தாம். ஆனால் அதில் வரும் சோற்றுக் கணக்கை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்த ஏழைப் பிள்ளையைத் திருவாவடுதுறை ஆதீனம் ஆதரித்தது. அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்ற கவலை குறைந்த பிறகே அவரால் பாடம் கேட்க முடிந்தது. 1880-இல் அவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். சீவக சிந்தாமணி அச்சில் வந்தது 1887-இல்; பத்துப்பாட்டு 1889-இல்; சிலப்பதிகாரம் 1892-இல்; புறநானூறு 1894-இல். எல்லாமே சம்பளம் வரத் தொடங்கிய பிறகு. அவருடைய தியாகத்தை இது எள்ளளவும் குறைக்காது. தியாகம் செய்யவும் ஒரு வேளைச் சோறு வேண்டும் என்பதை மட்டுமே இது சொல்கிறது. மடம் அன்று அவரிடம், "தம்பி, சான்றிதழ் தருகிறோம்" என்று சொல்லியிருந்தால் நமக்குப் புறநானூறு எப்போது கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இன்னும் பின்னே போவோம். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் கோயிலில் உள்ள ராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு, அங்கே இயங்கிய கல்விச்சாலையைப் பற்றிச் சொல்கிறது. 340 மாணவர், அவர்களுள் 270 பேர் இளையோர், 70 பேர் மேல்நிலையில் பயின்றோர். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு எவ்வளவு நெல் என்பதும் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. கற்கிறவனுக்கு அளக்க வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் எழுதியவர்கள் நாம். ஆனால் பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அது வேதக் கல்விச்சாலை. அந்த நெல் ஒரு சாதியாரின் பிள்ளைகளுக்கே அளக்கப்பட்டது. எனவே அந்த அறிவும் அவர்களிடமே தங்கியது. இக்கல்வெட்டு நமக்குக் கற்பிக்கும் பாடம் இரண்டு பக்கம் கொண்டது: யாருக்கு அளக்கிறோமோ அவர்களே காப்பாளர்கள் ஆவார்கள், யாருக்கு அளக்கவில்லையோ அவர்கள் காட்சிப்பொருள் ஆவார்கள். செண்பகத்தோப்புப் பளியர் இன்று நம் ஆய்வேடுகளில் 'தகவலாளர்' என்ற பெயரில் வருகிறார்கள். ஆய்வு செய்யப் போகிறவருக்கு உதவித்தொகை உண்டு. தகவலாளருக்கு முன்னுரையில் நன்றி உண்டு.

சரி, அரசு எதுவுமே செய்யவில்லையா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. மாணவரின் கூலியில் ஒரு பங்கை அரசு ஏற்கலாம் என்ற கொள்கை இந்திய அரசுக்குப் புதிதன்று. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டபோது, பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் அதன்கீழ் வந்தார்கள். தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பட்டதாரிக்கு நிறுவனம் தர வேண்டிய குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை ஒன்றிய அரசு திருப்பித் தருகிறது. 2019-இல் அக்குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. தமிழ் படித்தவர் ஓர் அருங்காட்சியகத்தில் ஓராண்டு பழகுநராக இருக்கலாம் என்று இதிலிருந்து தோன்றும். ஆனால் அதே 2019 விதிகளைப் பாருங்கள்: முப்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள நிறுவனங்களுக்குப் பழகுநரை எடுப்பது கட்டாயம், நான்கு முதல் இருபத்தொன்பது பேர் உள்ளவற்றுக்கு விருப்பம். நான்கு பேரே இல்லாத இடத்துக்கு அங்கே இடமே இல்லை. ஒரு காவலாளி, ஒரு பகுதிநேர நூலகர், ஒரு செயலாளர் என்று நடக்கும் சிற்றூர்ச் சேகரிப்பு எதுவும் இந்தச் சட்டத்தின் கண்ணில் நிறுவனமே அன்று. ஆள் இல்லை என்பதால் ஆள் கேட்கிறோம். ஆள் இருந்தால்தான் ஆள் தருவோம் என்கிறது விதி.

2024 அக்டோபரில் இன்னொன்று வந்தது: பிரதமர் பயிற்சிப்பணித் திட்டம். ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞர் என்று அறிவிப்பு. தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய். அதில் 4,500 அரசின் பங்கு, 500 நிறுவனத்தின் பங்கு. நல்ல ஏற்பாடு என்றே தோன்றும். எந்த நிறுவனங்களில் பயிற்சி? நாட்டின் தலைசிறந்த 500 பெருநிறுவனங்களில்! கூலியைத் தாமே தர வல்லவர்களுக்குப் பத்தில் ஒன்பது பங்கை அரசு தந்தது. அதோடு, தொடங்கியபோது முழுநேரப் படிப்பில் இருந்தவர் விண்ணப்பிக்கவே இயலவில்லை. எங்கள் மாணவி இரண்டு வகையிலும் வெளியேதான்: அவள் படிக்கிறாள், அவள் போக விரும்பிய இடம் ஏழை. ஐந்நூறு பெருநிறுவனங்களுக்குக் கூலி மானியம் தரலாம், ஐந்நூறு வாசகசாலைகளுக்குத் தர முடியாது என்பதற்கு இதுவரை யாரும் ஒரு காரணமும் சொல்லி நாம் கேட்டதில்லை.

வேறு நாடுகள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன, செழிப்பில் மட்டுமல்ல, வறுமையிலும். 1935-இல் பெருமந்தத்தின் நடுவே அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அரசு தேசிய இளைஞர் நிர்வாகம் என்ற அமைப்பை ஏற்படுத்தியது. படிப்பைக் கைவிடும் நிலையில் இருந்த மாணவர்களுக்கு நூலகங்களிலும் ஆய்வகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பகுதிநேர வேலை கொடுத்து, கூலியை அரசே தந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் அதன் இயக்குநராக இருந்தவர் லிண்டன் ஜான்சன் என்ற இளைஞர். அவரே குடியரசுத் தலைவரான பின் 1964-இல் கையெழுத்திட்ட வறுமை ஒழிப்புச் சட்டத்தில்தான் கல்லூரி மாணவர்களுக்கான வேலை–படிப்புத் திட்டம் பிறந்தது. மாணவரின் கூலியில் பெரும்பங்கைக் கூட்டரசும் எஞ்சியதை வேலை தரும் கல்லூரியோ பொதுநல அமைப்போ ஏற்கும் முறை அது. கனடா 1990-களில் இன்னும் ஓர் அடி முன்னே வைத்தது. இளையோர் வேலைத் திட்டத்தில் மரபு நிறுவனங்களுக்கென்றே ஒரு பிரிவை ஒதுக்கி, கனடா அருங்காட்சியகச் சங்கம் போன்ற அமைப்புகள் வழியாக, கோடை விடுமுறையில் மாணவரை வேலைக்கு எடுக்கும் சிறு அருங்காட்சியகங்களுக்குக் கூலி மானியம் தந்தது. இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கச் சொல்லவில்லை. அருங்காட்சியகப் பணிக்கு மாணவனுக்குக் கூலி தந்தால் பண்பாடு கெட்டுவிடும் என்கிறவர்கள், அங்கெல்லாம் கெட்டதா என்று கேட்டுக்கொள்ளட்டும்.

எதிர்வாதங்களுள் ஒன்று மட்டும் உண்மையிலேயே கனமானது. அதை நண்பர்கள் பலர் எங்களிடம் சொன்னார்கள். நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் காலம் கடத்தும் துறைகளுக்கு மலிவான மாணவர்களை மானியத்தோடு அனுப்பினால், காப்பாட்சியர் பதவி என்றைக்கும் நிரம்பாது, தற்காலிகமே நிரந்தரமாகும். கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் என்ன நடந்தது என்பதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கும் நாங்கள் இந்த அச்சத்தைப் பொய் என்று சொல்ல மாட்டோம். ஆகவே மானியம் நிபந்தனையோடுதான் வர வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடம் காலியாக இருக்கும் அரசு நிறுவனத்துக்கு, அந்தப் பணிக்காக மாணவரைத் தரக்கூடாது. நான்கு பேருக்குக் குறைவான ஆட்கள் உள்ள சிறு சேகரிப்புகளுக்கே முதலிடம் தர வேண்டும். பணம் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். விடுமுறை முடிவில் அவர் செய்த பட்டியலோ பதிவோ பொதுவில் வைக்கப்பட வேண்டும். போலி வருகைப்பதிவேடு எழுதலாம். ஆயிரம் நூல்களின் போலிப் பட்டியல் எழுதுவது உண்மைப் பட்டியல் எழுதுவதைவிடக் கடினம்.

"ஓலைச்சுவடியையும் செப்பேட்டையும் இருபது வயதுப் பிள்ளைகள் கையில் கொடுப்பதா?" என்று கேட்போரும் உண்டு. கொடுக்க வேண்டாம். சுவடிக்கு எண்ணெய் பூசுவது பயிற்சி பெற்றவர் வேலை. ஆனால் நூல்களைப் பட்டியலிடுதல், படம் எடுத்தல், பெயர்ப்பலகை எழுதுதல், வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்குதல், முதியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து எழுத்தாக்குதல் ஆகியவற்றை ஒரு மாவட்டக் காப்பாட்சியரின் மேற்பார்வையில் மாணவர் செய்ய முடியாதா? இதே பிள்ளைகளைத்தான் நாம் தறியின் முன்னும் பட்டாசு மருந்தின் அருகிலும் நிற்கவிட்டிருக்கிறோம். அங்கே கைநடுக்கம் பற்றிய கவலை நமக்கு வருவதில்லை.

பணத்துக்கு எங்கே போவது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாவட்டத்தில் நூறு மாணவர், இரண்டு மாதம், மாதம் 9,000 ரூபாய். மொத்தம் 18 லட்சம். அதில் முக்கால் பங்கை அரசு ஏற்றால் 13 லட்சத்து 50 ஆயிரம். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் சேர்த்து அரசின் பங்கு 5 கோடியே 13 லட்சம். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தின் கட்டுமானச் செலவு 18 கோடிக்கும் மேல். அந்தக் கட்டடம் வேண்டும். அதைக் கட்டியதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதன் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான தொகையில் 3,800 மாணவர்கள் ஒரு கோடை முழுவதும் தம் ஊர்களின் நினைவைப் பதிவுசெய்திருக்க முடியும். திறப்பு விழாக் கல்வெட்டில் இடம்பெறாத செலவு அது. நம் மரபுக் கொள்கையின் உண்மையான தடை அங்கேதான் இருக்கிறதோ என்று ஐயுறுகிறோம்.

அரசை மட்டும் குற்றம் சொல்லி முடித்தால் அது நேர்மையாகாது. அந்தக் கடைசி வரியை எழுதப் பழக்கியவர்கள் நாம்தாம். சிற்றிதழ் மரபில் வந்த, தமிழுக்குக் கைக்காசு செலவழிப்பதைப் பெருமையாகக் கருதும் நாம். நம் கைக்காசு நம்முடையது. இழப்பதற்கு நமக்கு உரிமை உண்டு. ஆனால் அதே பெருமையை மாணவனின் கூலி மீதும் ஏற்றிவிட்டோம். மெய்ப்புத் திருத்த, அட்டவணை தயாரிக்க, கருத்தரங்கில் நாற்காலி அடுக்க என்று பிள்ளைகளை அழைக்கிறோம். தேநீரும் சான்றிதழும் தருகிறோம். வராதவர்களை ஆர்வமற்ற தலைமுறை என்று மேடையில் திட்டுகிறோம். அந்தத் தலைமுறை எங்கே போயிற்று என்று ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் தெரியும். நூற்பாலைக்கும் தறிக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் ஏறுகிற கூட்டத்தில் நம் வகுப்பு முகங்கள் இருக்கும். எங்களையும் சேர்த்தே இதைச் சொல்கிறோம். அந்தக் கடிதத்தை வகுப்பில் வாசித்து, "நல்ல வாய்ப்பு, விடாதீர்கள்" என்று சொன்னவர்கள் நாங்கள்தாம்.

கோடை முடிந்து கல்லூரி திறந்தபோது அந்த மாணவி மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்தாள். செண்பகத்தோப்புக் குறிப்பேட்டைக் கேட்டோம். கொண்டுவந்து தந்தாள். பதினோரு பக்கம் எழுதியிருந்தது; அதற்குப் பிறகு வெற்றுத் தாள். மறுபடி ஒரு முறை போய்ப் பெரியவரிடம் மீதியைக் கேட்கலாம் என்று நினைத்திருந்ததாகவும், ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடியதால் இயலவில்லை என்றும் சொன்னாள்.

பெரியவருக்கு எண்பதை நெருங்கும் வயது. அந்த வெற்றுத் தாள்கள் நிரம்புவதற்கு எஞ்சியிருக்கும் கோடைகள் மிகச் சில. அவற்றின் விலை கோடைக்குப் பதினெட்டாயிரம் ரூபாய்.